அசெம்பிள், இன்செர்ட்: தொடுபதிவு, இடைப்பதிவு

வணக்கம் ஐயா,

வீடியோ நாடாவில் தொகுக்கும் இரு முறைகளான அசெம்பிள், இன்செர்ட் எடிட்டுகளுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதில் இன்செர்ட்டுக்கு நீங்கள் முன்வைத்த 'இடைச்செருகல்' என்ற சொல்லை இரண்டு நாளாக மனத்தில் உருட்டிப் பார்த்தேன். அழகான சொல்தான். ஆனாலும் பீட்டாகேம் எஸ்பி என்ற வீடியோ நாடாப் பதிவுப் பெட்டியின் முன் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏட்டில் இடைச்செருகல் நுழைந்தால் பாட்டின் எண்ணிக்கை கூடும். நாடாவில் இன்செர்ட் செய்தால் ஒரு பிரேம்கூட (ஒரு தனிப்படம்கூட) அதிகமாகாது; பழைய படம் அழிந்து, அதே இடத்தில் அதே நீளத்துக்குப் புதுப் படம் உட்காரும். இன்றைய கணினித் தொகுப்பிலோ இன்செர்ட் என்றால் பின்னால் உள்ளவை தள்ளிப்போகும். நாடாக்காரர் செய்த வேலைக்கு அங்கே ஓவர்ரைட் என்று பெயர். அந்தக் குழப்பத்தைத் தமிழிலும் ஏற்றி வைக்க வேண்டாம்.

அசெம்பிளுக்கும் இன்செர்ட்டுக்கும் வேறுபாடு இருப்பது கன்ட்ரோல் டிராக்கில். நாம் பயன்படுத்திய பால் (PAL) வீடியோ முறையில் நொடிக்கு 25 பிரேம். பிரேமுக்கு ஒரு துடிப்பு என்று நாடாவின் ஓரமாக ஓடும் தடம் அது. அந்தத் துடிப்பைப் பிடித்துத்தான் பெட்டி நாடாவைச் சீராக இழுக்கிறது. கோலாலம்பூர் துன் சம்பந்தன் சாலைப் பூக்கடைகளில் பூ தொடுப்பதைப் பாருங்கள்: பூ வைக்க வைக்க நூலும் நீளும். அசெம்பிள் அப்படித்தான். நாடாவின் முழு அகலத்தையும் அழித்து, படம், ஒலி, கன்ட்ரோல் டிராக் எல்லாவற்றையும் புதிதாக எழுதிக்கொண்டே போகும். இன்செர்ட்டில் கன்ட்ரோல் டிராக் என்ற நூலைத் தொடுவதில்லை, படம், ஒலி என்ற பூவை மட்டும் மாற்றுகிறோம். படம், ஒலி 1, ஒலி 2 என்று தனித்தனிப் பொத்தான் இருப்பதால் முகூர்த்தப் படத்தை விட்டுவிட்டு நாதஸ்வரத்தை மட்டும்கூட மாற்றலாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், முடிந்துபோன ஒரு கல்யாண நாடாவின் நடுவில் இன்செர்ட்டுக்குப் பதில் அசெம்பிளை அழுத்திவிட்டேன். வெட்டு முடிந்த இடத்தில் நூல் அறுந்தது. அடுத்து வந்த தாலி கட்டும் காட்சி சில நொடி குலைந்தே போனது. மூல நாடா கையில் இருந்ததால் தப்பித்தேன். விடிய விடிய உட்கார்ந்து அங்கிருந்து மறுபடி தொடுத்தேன்.

ஆகவே அசெம்பிளுக்குத் 'தொடுபதிவு' என்கிறேன். வெறும் 'தொடுப்பு' போதுமே என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். அதற்குப் பேச்சு வழக்கில் கள்ள உறவு என்ற பொருள் இருப்பதால் தவிர்க்கலாம். 'தொகுப்பு' ஏற்கெனவே எடிட்டிங்குக்குப் போய்விட்டது. இன்செர்ட்டுக்கு 'இடைப்பதிவு', கன்ட்ரோல் டிராக்குக்கு 'நூல்தடம்'.

இன்னொன்று. இடைப்பதிவுக்கு முன்னால் வெற்று நாடா முழுவதும் கறுப்புப் படத்தைப் பதிந்து நூல்தடம் போட்டு வைப்பது எங்கள் வழக்கமாக இருந்தது. 'பிளாக் அடிச்சாச்சா?' என்றுதான் எங்கள் பக்கம் கேட்பார்கள். தையலில் நூல் ஓட்டுவது போன்ற வேலை. 'நூலோட்டுதல்' சரிவருமா, சொல்லுங்கள் ஐயா.