வானியற்பியல் முதுநிலைப் படிப்பு: எதை அளவுகோலாகக் கொள்வது?

வடமீன் (கேள்வி)

இயற்பியல் இளநிலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன்; அடுத்து வானியலிலோ வானியற்பியலிலோ முதுநிலைப் பட்டம் பெற எண்ணியுள்ளேன். இதுவரை பார்த்தவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்: பிரிட்டனில் வழக்கமாக உள்ள ஓராண்டுப் படிப்பு, ஐரோப்பாவின் பிற நாடுகளில் உள்ள ஈராண்டுப் படிப்பு, பட்டத்தின் பெயர் இயற்பியலாகவே இருக்க அதற்குள் வானியற்பியலைச் சிறப்புப் பாடமாக எடுக்கும் வழி. தரவரிசைப் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. புறக்கோள்களின் (பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களின்) மீது ஆர்வம் உண்டு, ஆனால் அதிலேயே நிலைப்பேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை. பாடங்களும் எல்லா இடங்களிலும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரிகின்றன. அப்படியிருக்க, எதை வைத்து முடிவு செய்வது?

நிறமாலை (மறுமொழி)

பாடங்கள் ஒன்றுபோல் இருப்பதில் வியப்பில்லை. விண்மீன்களின் உள்ளமைப்பு, கதிர்வீச்சுப் பரிமாற்றம், விண்மீன் மண்டலங்களின் இயக்கவியல், அண்டவியல் ஆகியவற்றை விட்டுவிட்டு எவரும் இந்தப் படிப்பை நடத்த முடியாது. வேறுபாடு ஆய்வேட்டுக்கு ஒதுக்கப்படும் காலத்தில்தான் இருக்கிறது. பிரிட்டனின் ஓராண்டுப் படிப்புக்கு வழக்கமாக உரிய 180 மதிப்புப் புள்ளிகளில் 60 அளவே ஆய்வேட்டுக்குப் போகும். அதுவும் பெரும்பாலும் கோடைக்காலத்தின் சில மாதங்களுக்குள் முடிந்துவிடும். ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் முதுநிலைப் படிப்பிலோ இரண்டாம் ஆண்டு முழுவதும் ஆய்வுக்கே உரியது. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு ஒன்றாக இரண்டு ஆய்வுத் திட்டங்கள் உண்டு. உட்துறை இன்னும் முடிவாகாத உங்களைப் போன்றவருக்கு இந்த அமைப்பு பொருந்தும்: முதலாண்டில் புறக்கோள்களில் பணியாற்றிப் பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டில் வேறு பக்கம் திரும்பலாம்.

ஓராண்டுப் படிப்பில் வெளியே தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. முனைவர் பட்ட விண்ணப்பங்களில் பல டிசம்பர், ஜனவரி மாதங்களிலேயே முடிந்துவிடுகின்றன. செப்டம்பரில் சேர்ந்த மாணவர் அந்த நேரத்தில் ஆய்வேட்டைத் தொடங்கியிருக்கவே மாட்டார். பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியருக்கு வகுப்பறையில் பார்த்த முகத்தைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல எதுவும் இருக்காது. ஆகவே ஓராண்டில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர்களில் பலர் அதற்குப் பிறகு ஓராண்டு காத்திருக்க நேர்கிறது.

அதற்கும் முன்னதாக நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, முனைவர் ஆய்வை எங்கே செய்ய விரும்புகிறீர்கள் என்பது. ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் அதற்கு முதுநிலைப் பட்டம் முன்தேவை. அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் முடித்தவுடனே முனைவர் படிப்பில் சேரலாம். தொடக்க ஆண்டுகள் பாடங்களில் கழியும், கல்விக் கட்டணமும் உதவித்தொகையும் பொதுவாகத் துறையே ஏற்கும். அங்கேதான் போகப் போகிறீர்கள் என்றால், முதுநிலைப் படிப்பே தேவையா என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

தரவரிசையை ஓரமாக வைத்துவிட்டு, அந்தத் துறையின் அண்மை ஆண்டுகளின் ஆய்வேட்டுத் தலைப்புகளைத் தேடி எடுங்கள். எழுதியவர்களின் பெயர்களை வானியல் ஆய்வுக் கட்டுரைகளுக்கான நாசாவின் ஏ.டி.எஸ். தரவுத்தளத்தில் இட்டுப் பாருங்கள். முதுநிலை ஆய்வேடு ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்திருக்கிறதா, அதில் மாணவரின் பெயர் முதலில் இருக்கிறதா, இல்லை நீண்ட பெயர் வரிசையின் நடுவில் இருக்கிறதா, அடுத்து அவர் எந்த நிறுவனத்தின் முகவரியில் எழுதுகிறார் என்பதெல்லாம் அங்கே தெரியும். விளம்பரக் கையேட்டில் இவற்றில் எதுவும் இருக்காது.

கதிரலை (மறுமொழி)

மேலே சொன்னதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. ஆனால் தலைப்புகளைத் தேடிப் போகிறவர்கள் கடைசியில் ஒரே ஒரு நெறியாளரை நம்பி ஊரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அந்தப் பேராசிரியர் ஆய்வு விடுப்பில் போகலாம், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம், அந்த ஆண்டு மாணவர்களையே எடுக்காமலும் இருக்கலாம். உங்கள் ஆர்வத்துக்கு அருகில் குறைந்தது இரண்டு மூன்று ஆய்வுக் குழுக்களாவது இருக்கும் இடமே பாதுகாப்பானது. அருகில் ஆய்வு நிறுவனம் இருந்தால் இன்னும் நல்லது: ஜெர்மனியின் பான் நகரில் பல்கலைக்கழகத்தோடு மேக்ஸ் பிளாங்க் ரேடியோ வானியல் நிறுவனமும் உள்ளது, எஃபெல்ஸ்பெர்க்கின் 100 மீட்டர் தொலைநோக்கியை இயக்குவது அந்த நிறுவனமே.

மூன்றாவது வகையை நீங்கள் தயங்கித் தயங்கிக் குறிப்பிட்டதுபோல் தோன்றியது. தயங்க வேண்டியதில்லை. பட்டத்தில் 'இயற்பியல்' என்று இருப்பதால் வானியல் ஆய்வுக் குழு எதுவும் கதவைச் சாத்தாது. துறையை மாற்ற நேர்ந்தால் அந்தப் பெயர் கைகொடுக்கும். பெயரைவிட, புள்ளியியலும் நிரலாக்கமும் கட்டாயப் பாடமாக உள்ளனவா என்று பாருங்கள். சிலியில் உள்ள வேரா ரூபின் ஆய்வகத்தின் 3,200 மெகாபிக்சல் கேமரா ஒவ்வோர் இரவும் பல டெராபைட் தரவை எடுக்கும், எஸ்.கே.ஏ. ரேடியோ தொலைநோக்கியின் தாழ் அதிர்வெண் பகுதிக்கு மட்டும் ஆஸ்திரேலியாவில் 1,31,072 ஆண்டெனாக்கள் திட்டமிடப்பட்டுள்ளன. இவற்றிலிருந்து வருவதைக் கையாளத் தெரியாமல் இந்தத் துறையில் கோட்பாட்டாளராகக்கூட இருப்பது கடினமாகிக்கொண்டே வருகிறது.

வடமீன்

இருவருக்கும் நன்றி. ஐரோப்பாவில் முனைவர் ஆய்வு என்பதே என் விருப்பம் என்பதால், ஈராண்டுப் படிப்பின் பக்கம் மனம் சாய்கிறது. இன்னொரு ஐயம்: நூல்களைப் படித்து வந்த ஆர்வம் அன்றாட ஆய்வு வேலையிலும் நிலைக்குமா என்பதை முன்கூட்டியே அறிய வழி உண்டா?

ஒளிவளைவு (மறுமொழி)

உண்டு, அதற்குக் காசும் செலவாகாது. புறக்கோள்களைத் தேடும் நாசாவின் டெஸ் விண்கலத்தின் தரவு அனைவருக்கும் திறந்தே கிடக்கிறது. 'லைட்கர்வ்' என்ற பைத்தான் நிரல்தொகுப்பைக் கொண்டு அதைத் தரவிறக்கலாம். வாஸ்ப்-18 என்ற விண்மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றும் கோளுக்குச் சுற்றுக்காலம் 0.94 நாள், விண்மீனுக்குக் குறுக்கே கோள் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒளி ஏறத்தாழ 1 விழுக்காடு குறையும். டெஸ் வானத்தின் ஒரு பகுதியை 27 நாள் அளவு தொடர்ந்து நோக்குவதால், ஒரே கோப்பில் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளங்கள் வரிசையாகத் தெரியும். நடுவில் ஓர் இடைவெளியும் இருக்கும். விண்கலம் தரவைப் பூமிக்கு அனுப்பும் நேரம் அது.

சுற்றுக்காலத்தை நீங்களே கண்டுபிடித்து, எல்லாப் பள்ளங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, ஆழத்திலிருந்து கோளின் ஆரத்துக்கும் விண்மீனின் ஆரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடுங்கள். அது எளிது. அதன்பிறகு அந்த விகிதத்தின் பிழை எவ்வளவு என்று சொல்ல முயலுங்கள். அப்போதுதான் விண்கலத்தின் நடுக்கம், அருகிலுள்ள விண்மீனின் ஒளிக் கலப்பு, விண்மீனின் விளிம்பு மங்கித் தெரிவது என்று ஒவ்வொன்றாகக் கிளம்பும். அந்த எரிச்சலூட்டும் பகுதியில் நேரம் போவதே தெரியாமல் உட்கார்ந்திருக்க முடிந்தால் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவரும். படங்களின் அழகுக்காக மட்டும் வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கழன்றுகொள்கிறார்கள்.

செய்து முடித்த நிரலையும் வரைபடத்தையும் பத்திரப்படுத்துங்கள். விண்ணப்பத்துக்கு முன் ஆய்வுக் குழுக்களுக்கு எழுதும்போது, 'சிறு வயதிலிருந்தே வானத்தின் மீது ஆர்வம்' என்று தொடங்காமல், இந்தப் பிழைக் கணக்கில் எங்கே சிக்கினீர்கள் என்பதை நான்கு வரியில் எழுதி அதை இணைத்து அனுப்புங்கள். அந்தக் குழுவில் முதுநிலை மாணவரை அன்றாடம் வழிநடத்துவது பேராசிரியரா, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளரா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.