‘ப்ரீஹீட்’டுக்கு ஒரு சொல் வேண்டும்: முன்சூடா, முன்காய்ச்சலா?

கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:
நண்பர்களே, வண்டியில் போய்ப் பழுதுபார்க்கும் வெல்டர்களுக்கான குளிர்காலக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ப்ரீஹீட்’, அதாவது பற்றவைக்கும் முன் உலோகத்தைச் சூடேற்றுவது, பக்கத்துக்கு நாலு தடவை வருகிறது. ‘முன்வெப்பப்படுத்துதல்’ எச்சரிக்கைப் பட்டையில் அடங்கவில்லை. மாதிரி வாக்கியம்: “உலோகம் 0°Cக்குக் கீழே இருந்தால் குறைந்தது 20°Cக்கு ____ செய்து, பற்றவைத்து முடியும்வரை அந்தச் சூட்டைக் காக்கவும்.” சுருக்கமாக ஒன்று சொல்லுங்கள்.

தனித்தமிழ் அன்பர்:
முன்காய்ச்சல். காய்தல் தன்வினை, காய்ச்சுதல் பிறவினை. இரும்பைக் காய்ச்சி அடிப்பது என்பது கொல்லர் வாய்ச்சொல். வெயில் காய்கிறது, நிலா காய்கிறது, நாம் குளிர்காய்கிறோம். காங்கை, காந்தல், காளவாய் எல்லாம் இதே வேர்தான் என்பது என் துணிபு. காளவாய் பற்றித் தனியே எழுதுகிறேன்.

பட்டறைப் பயிற்றுநர்:
ஐயா, காளவாய் பிறகு ஆகட்டும். குளிர்காலக் கையேட்டில் ‘காய்ச்சல்’ என்று போட்டால் மாத்திரை தேடுவார்கள். அது போகட்டும், பெரிய சிக்கல் வேறு. காய்தல் என்றால் உலர்தலும்தானே? அதே பக்கத்தில் வெல்டிங் ராடைக் காயவைக்கும் குறிப்பு இருக்கிறது. 7018 என்ற குறை-ஹைட்ரஜன் ராடு டப்பாவைத் திறந்ததும் 120°Cக்குக் குறையாத அடுப்பில் இருக்க வேண்டும். வெளியே 4 மணி நேரம்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் 260 முதல் 430°C வரை சூட்டில் 2 மணி நேரமாவது மறுபடி உலர்த்த வேண்டும். இரும்புக்கும் ‘காய்ச்சு’, ராடுக்கும் ‘காயவை’ என்றால் அவசரத்தில் எந்தச் சூடு எதற்கு என்று குழம்பும்.

ஆய்வுப் பொறியாளர்:
> குறைந்தது 20°Cக்கு ____ செய்து

இந்த வாக்கியத்துக்கே ‘முன்சூடு’ பொருந்துமா என்பது என் ஐயம். இங்கே நடப்பவை இரண்டு வேலைகள். ஒன்று, உறைந்த இரும்பின் குளிரையும் ஈரத்தையும் போக்குவது. அதற்கு 20°C போதும். மற்றது, தடித்த தகடோ கார்பன் கூடிய எஃகோ சட்டென்று ஆறிவிடாமல் தடுப்பது. வேகமாக ஆறினால் ஓரம் கண்ணாடிபோல் கடினமாகும். உள்ளே மாட்டிய ஹைட்ரஜனும் இழுவிசையும் சேர்ந்து, வேலை முடிந்து பல மணி நேரம் கழித்துக்கூட வெடிப்பு விடும். அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் (ஏடபிள்யூஎஸ்) டி1.1 விதித்தொகுப்பில் சாதாரணக் கட்டுமான எஃகுக்கு, குறை-ஹைட்ரஜன் ராடு என்றால், 38 மி.மீ.க்கு மேல் 65 வரையான தடிமனுக்கு 65°C, அதற்கும் மேலே 110°C. காற்றே –18°Cக்குக் கீழே போனால் வேலையே கூடாது. கூடாரம் கட்டி உள்ளே சூடேற்றிக்கொண்டால் செய்யலாம்.

ஆகவே முதலாவதற்குக் குளிர்நீக்கம், இரண்டாவதற்கு முன்சூடு.

தனித்தமிழ் அன்பர்:
‘குளிர்நீக்கம்’ நன்று. ஆனால் முன்சூடா? முன் + காலம் = முற்காலம், முன் + பகல் = முற்பகல். முற்சூடு என்பதே முறை.

இலக்கண ஆசிரியை:
முன்பனிக்காலத்தை முற்பனிக்காலம் என்பீர்களா ஐயா? அதுவும் காலப்பொருள்தான். முன்கோபத்தையும் யாரும் முற்கோபம் என்பதில்லை. வழக்கு இரண்டையும் ஏற்கிறது. வாசிக்க எளிதானதை எடுங்கள்.

கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:
நன்றி அம்மா. இன்னொரு தலைவலி. டீசல் ஜெனரேட்டரின் எஞ்சினைச் சூடாக்குவதற்கும் மூலத்தில் அதே ‘ப்ரீஹீட்’தான். அங்கேயும் முன்சூடு போடலாமா?

பட்டறைப் பயிற்றுநர்:
வேண்டாம். ‘எஞ்சினைச் சூடேற்றவும்’ என்று போடுங்கள், எவருக்கும் புரியும். கூடவே இதையும் சேருங்கள்: குளிரில் டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டர் அடைக்கும், குளிர்கால டீசல்தான் ஊற்ற வேண்டும். சார்ஜ் இறங்கிய பேட்டரி உறைந்திருந்தால் ஜம்ப் கொடுக்கக் கூடாது, வெடிக்கும். ஸ்டார்ட் ஆனதும் லோடு போடாமல் சற்று ஓடவிட வேண்டும்.

டார்ச்சின் எரிவாயு சிலிண்டருக்கு மட்டும் ‘சூடு’ என்ற சொல்லே வரக் கூடாது. பியூட்டேன் –0.5°Cக்குக் கீழே ஆவியாகாது; புரொப்பேன் –42°C வரை ஆவியாகும், ஆனால் குளிரக் குளிர அழுத்தம் இறங்கி டார்ச் சுடர் சோர்ந்துவிடும். உடனே யாராவது சுடரைச் சிலிண்டர் பக்கம் திருப்புவார்கள். ‘இரவில் கதகதப்பான, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்துக் கொண்டுபோகவும்’ என்று எழுதினால் போதும்.

ஆய்வுப் பொறியாளர்:
குளிர்நீக்கத்துக்கு அடியில் ஒரு வரி: சுடர் பட்டதும் இரும்பு வியர்க்கும். ஈரம் இரும்பிலிருந்து வெளியேறுவதாக நினைத்து அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது சுடரிலிருந்து வந்த நீராவி குளிர்ந்த இரும்பில் படிவது. அந்த ஈரம் மறைந்த பிறகும் சூடேற்ற வேண்டும்.

தனித்தமிழ் அன்பர்:
குளிர்நீக்கம் முடிந்ததை ‘குளிர் விட்டது’ எனலாமே?

பட்டறைப் பயிற்றுநர்:
‘குளிர் விட்டுப்போச்சு’ என்றால் எங்கள் பிள்ளைகள் வேறு அர்த்தம் எடுப்பார்கள் ஐயா.

கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:
சரி, குளிர்நீக்கம், முன்சூடு இரண்டையும் போடுகிறேன். பற்றவைப்பை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே அளக்கும் சூட்டுக்கு ‘ஓட்டிடைச் சூடு’?

இலக்கண ஆசிரியை:
‘ஓட்டிடை’ கேட்கவே விசித்திரமாக இருக்கிறது. ‘ஓட்டம்’ என்று எந்த வெல்டராவது சொல்கிறாரா?

பட்டறைப் பயிற்றுநர்:
இல்லை. ‘ரன்’ என்கிறார்கள். ரூட் ரன், செகண்ட் ரன். ‘ரன்களுக்கு இடையே சூடு’ என்றே விடுங்கள். எங்கே அளப்பது என்பதைச் சொன்னீர்களா? இணைப்பிலிருந்து எல்லாப் பக்கமும் 75 மி.மீ., தகடு அதைவிடத் தடிமன் என்றால் அந்தத் தடிமன் அளவு. குறித்த சூட்டில் உருகும் அளவுச் சாக்பீஸை அந்த எல்லையில் தேய்க்க வேண்டும், சுடர் பட்ட இடத்தில் அல்ல. சாக்பீஸ் உருகினால்தான் ராடைத் தொடலாம்.

தனித்தமிழ் அன்பர்:
முற்சூடு என்பதே என் வாக்கு, பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன். காளவாய் மடல் நாளை.