பறவைக் காய்ச்சல் பயம்: கறிக்கோழிக் கடையைத் திறந்து வைக்கவா, பத்து நாள் அடைக்கவா?

கோழிக்கடைக்காரன் (மார்த்தாண்டம் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். 11 வருசமா கறிக்கோழிக் கடை வச்சிருக்கேன். எலெக்‌ஷன் முடிஞ்ச கையோட (விளவங்கோட்டுக்காரங்க இந்த 2024-ல ரெண்டு ஓட்டு போட்டோம், இடைத்தேர்தலும் சேர்ந்து வந்ததால) கேரளாவுலேருந்து குட்டநாட்டுச் செய்தி வந்துச்சு. எடத்துவா, செறுதனா பக்கம் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல்னு உறுதியாயிட்டு. களியக்காவிளை செக்போஸ்ட்டுல வண்டிச் சக்கரத்துக்கு மருந்தடிக்காவ. மருந்தடிக்கிற அந்தப் போட்டோதான் எனக்கு எமனா வந்து சேர்ந்துச்சு. எங்க ஊரு வாட்ஸ்அப் குரூப்புல ஒரே நாள்ல நாலு தடவை வந்தாச்சு.

ஞாயிறுன்னா சர்ச்சு விட்ட உடனே என் கடையில நிக்க இடம் இருக்காது. தொண்ணூறு கோழிக்குக் குறையாது. போன ஞாயிறு போனது 23. மிச்சக் கோழியெல்லாம் கூண்டுக்குள்ள தீனி தின்னுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நிக்கு.

வாடிக்கையா வாற ஒரு அக்கா, "இது கேரளாக் கோழியாப்பா?"ன்னு கேட்டாவ. "அக்கா, கோழி இங்கேருந்துதான் அங்கே போவுது. பல்லடத்துல ஏத்துன லாரி விடியக்காலம் மூணு மணிக்கு எனக்குப் பத்துக் கூடை இறக்கிட்டு பாறசாலைக்குப் போவும்"னு சொன்னேன். அவிய விடல. "அப்போ அந்தக் கூடை காலியாத் திரும்பி வரும்போ சீக்கைக் கொண்டு வராதா?" எனக்குப் பதில் வரல. கறி வாங்காமப் போயிட்டாவ, ஆனா கேட்ட கேள்வி இன்னும் என் தலைக்குள்ள நிக்கு.

ஒரு வாத்தியாரு வந்து, "பாதி விலைன்னா ரெண்டு கிலோ எடுக்கேன், ஃபிரிட்ஜுல வச்சுக்கிடலாம்"னாரு. அவரு பயம் பாதி விலையில தீந்துபோற பயம் போல.

எதிர்த்தாப்புல சாயாக்கடை. என் கடைக்கு வராம ரோட்டுக்கு அந்தப் பக்கமாவே நடந்து போற ஆளுங்க, அங்கே உக்காந்து மஞ்சக்கரு தளதளன்னு ஆடுற ஆஃப்பாயிலை ஒரே வாயில முழுங்குதாவ. நான் பாத்துக்கிட்டு நிக்கேன்.

இனிதான் உண்மையான கேள்வி. தலைப்புல எழுத மனசு வரல. என்கூட வெட்டுற பையன் அஸ்ஸாம்காரன், ரெண்டு நாளாக் காய்ச்சல், தொண்டைவலி. வெளியே தெரிஞ்சா கடை அன்னைக்கே முடிஞ்சுது. பின்னாடி ரூம்புல படுக்க வச்சு, மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கேன். இது சாதாக் காய்ச்சல்தானே? கடையை என்ன செய்ய?

---

மஸ்கட் சிஸ்டர்

அண்ணே, கடையை அப்புறம் பாக்கலாம். முதல்ல அந்தப் பையனை இன்னைக்கே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. உள்ள போன உடனே, "கோழி வெட்டுற வேலை பாக்கான்"னு டாக்டர்கிட்ட நீங்களே சொல்லணும். நீங்க சொன்னாத்தான் அவிய அந்தக் கோணத்துல யோசிப்பாவ. ஃப்ளூவுக்கு உள்ள ஒசெல்டாமிவிர் மாத்திரை 48 மணி நேரத்துக்குள்ள தொடங்கினாத்தான் நல்லாக் கேக்கும். நீங்க ரெண்டு நாளை ரூம்புக்குள்ளயே ஓட்டிட்டிய.

பயப்படுத்துறதுக்காகச் சொல்லல. நம்ம மாவட்டத்துல கோழிக்கே வராத நோய் அவனுக்கு வந்திருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. எச்5என்1-ங்கிற இந்தப் பறவைக் காய்ச்சல் வைரஸ் மனுசனுக்கு முதல்ல தெரிஞ்சது 1997-ல ஹாங்காங்ல. 18 பேருக்கு வந்து 6 பேர் செத்தாவ. 2003-க்குப் பிறகு உலகம் முழுக்க எண்ணிப் பாத்தாலும் ஆயிரம் பேரு கிட்டதான், ஆனா அதுல கிட்டத்தட்ட பாதிப் பேரு பிழைக்கல. வாறது அபூர்வம், வந்தா பொல்லாதது. ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்குச் சுளுவாப் பரவ அது இன்னும் பழகல. பழகிடக் கூடாதேன்னுதான் ஆஸ்பத்திரிக்காரங்க இவ்வளவு கவனமா இருக்காவ.

வருசா வருசம் போடுற ஃப்ளூ ஊசி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. இருந்தாலும் கோழியோட நிக்கிற ஆளு போட்டுக்கிடுறது நல்லது. ரெண்டு வைரசும் ஒரே உடம்புல சந்திச்சுக் கலந்துச்சுன்னா புதுசா ஒண்ணு பிறக்கலாம்.

அவனை ஒளிச்சு வச்சதுக்கு நேர்ல இருந்தா ரெண்டு ஏசியிருப்பேன்.

---

பழைய கால்நடை ஆய்வாளர்

தம்பி, காலிக் கூடையைப் பத்தி உம்ம வாடிக்கை அக்கா கேட்டது நூத்துக்கு நூறு சரியான கேள்வி. வைரஸ் எச்சத்துலதான் கூடுதலா இருக்கும். காலிக் கூடையில ஒட்டின எச்சம், லாரிச் சக்கரத்துச் சேறு, டிரைவர் செருப்பு, இந்த வழியாத்தான் பண்ணைக்குப் பண்ணை தாவும். செக்போஸ்ட்டுல சக்கரத்துக்கு அடிக்கிறது அதுக்குத்தான். ஆனா அங்கே கூடைக்குள்ள எவ்வளவு படும்? உம்ம கடைக்கு வாற கூடையை இறக்கும் முன்னே கழுவி வெயில்ல காய வச்சதான்னு லாரிக்காரன்கிட்ட கேளும். முறைப்பான். முறைக்கட்டும்.

நோய் ஒரு இடத்துல வந்தா என்ன நடக்கும்னு பலருக்குத் தெரியல. மாதிரி எடுத்து போபால்ல இருக்கிற உயர்பாதுகாப்பு ஆய்வகத்துக்கு அனுப்புவாங்க. உறுதியானா அந்த இடத்தைச் சுத்தி ஒரு கிலோமீட்டருக்குள்ள உள்ள கோழி, வாத்து எல்லாத்தையும் அழிப்பாங்க, பத்து கிலோமீட்டர் வரைக்கும் கண்காணிப்பு. அழிச்ச பறவைக்கு நஷ்டஈடு உண்டு. உமக்கு விக்காமப் போன கோழிக்கு யாரும் ஒரு பைசா தரமாட்டாங்க, அதை நம்பி உக்காராதியும்.

2009-ல பன்றிக் காய்ச்சல் வந்தப்போ நான் சர்வீஸ்ல இருந்தேன். ஜூன் 11-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்றுன்னு அறிவிச்சுது. பரவினது மனுசன் இருமி மனுசனுக்கு. ஆனா நம்ம பக்கத்துல அடி வாங்கினது பன்னிக்கறி வித்தவன். பேருல பன்னி இருந்துச்சு, அவ்வளவுதான் அவன் செஞ்ச குத்தம். ஞாயித்துக்கிழமை கறியை அப்படியே குழி தோண்டிப் புதைச்ச ஒருத்தரை எனக்குத் தெரியும்.

70 டிகிரி சூடு கறியோட நடு வரைக்கும் போனா வைரஸ் செத்துப்போவும். நம்ம வீட்டுல தேங்காய் வறுத்தரைச்சுக் கொதிக்க விடுற குழம்புல அது பிழைச்சு வராது. ஆஃப்பாயில் விசயம் நீரு சொன்னது சரிதான். பயம் இருக்கிறவன் முதல்ல அதைத்தான் விடணும்.

---

சுக்குக்காப்பி

இதெல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் கிளப்பி விடுறது. 2006-லயும் மகாராஷ்டிரா நவாப்பூர்ல கோழிக்கு வந்துச்சுன்னு சொன்னானுவ, நாம என்ன செத்தா போனோம்? இப்போ அமெரிக்காவுல மாட்டுக்கும் வந்துட்டாம். அடுத்து மரச்சீனிக் கிழங்குக்கு வரும். சுக்கு, மிளகு, திப்பிலி போட்டு ஒரு கசாயம் குடிங்க, கடையைத் திறங்க.

---

மஸ்கட் சிஸ்டர்

2006-ல நவாப்பூர்ல லட்சக்கணக்குல கோழியை அழிச்சாவ அண்ணாச்சி. அதனாலதான் நீங்க இங்கே உக்காந்து கசாயம் குடிக்கிய. குடிங்க, தொண்டைக்கு இதமா இருக்கும். மாட்டுக்கு வந்தது நெசம்தான், பாலைக் காய்ச்சிக் குடிங்க, அது போதும்.

---

தேரூர் மருமகள்

இதைப் படிச்ச பிறகு எனக்குத் தூக்கம் வரல. எங்க வீடு குளத்தங்கரையில. மார்கழியில பறவை வந்தா வாசல்லேருந்தே பாக்கலாம், இப்போ எல்லாம் போயாச்சு. அத்தை பதினாலு நாட்டுக்கோழி வளக்காவ. போன வாரம் ரெண்டு கழுத்தைத் திருப்பிக்கிட்டு, பச்சையாக் கழிஞ்சு செத்துப்போச்சு. அத்தை காலைப் பிடிச்சுத் தூக்கிக் குளத்துல எறிஞ்சுட்டாவ. கையை முந்தானையில துடைச்சுக்கிட்டு அப்படியே தோசை மாவு கரைக்கப் போனாவ. நான் ஒண்ணும் சொல்லல, சொன்னா அன்னைக்குப் பூரா பேச்சு கேக்கணும். அதே அத்தை கடையில கோழி வாங்கக் கூடாதுன்னு மாமாகிட்ட சொல்லியிருக்காவ. இப்போ நான் என்ன செய்ய?

---

பழைய கால்நடை ஆய்வாளர்

மகளே, கழுத்தைத் திருப்புறதும் பச்சைக் கழிச்சலும் கோடையில பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சல்னு சொல்ற ராணிக்கேட் நோய். வருசா வருசம் வாறது, அதுக்குத் தடுப்பூசி உண்டு. ஆனா பாத்த உடனே இது பறவைக் காய்ச்சல் இல்லைன்னு நானும் சொல்ல மாட்டேன், எவனும் சொல்ல முடியாது. இன்னும் ஒண்ணு செத்தா கையால தொடாதே. குளத்துல எறியவே கூடாது, அங்கே வாற பறவையும் மாடும் அதே தண்ணியிலதான். 1962-க்குப் போன் போடு, இல்ல பக்கத்துக் கால்நடை மருந்தகத்துல சொல்லு. வந்து பாத்துட்டுப் புதைக்கச் சொன்னா ஆழமாக் குழி எடுத்துச் சுண்ணாம்பு போட்டுப் புதைங்க. அத்தைகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. வயசான ஆளு சொன்னதுன்னா கேப்பாவ.

---

கோழிக்கடைக்காரன் (மார்த்தாண்டம் பக்கம்)

சிஸ்டர், ஏசினது சரிதான். அன்னைக்கே கூட்டிக்கிட்டுப் போனேன். கோழிக்கடைன்னு சொன்ன உடனே டாக்டர் நிமிந்து பாத்தாரு, மாஸ்க்கைப் போட்டாரு, தொண்டையில குச்சி விட்டு எடுத்தாவ. சாதாரணக் காய்ச்சல்னு சொல்லி அனுப்பியாச்சு. பையன் இப்போ எழும்பி உக்காந்து கஞ்சி குடிக்கான். காய்ச்சல் வந்த முதல் நாளே எங்கிட்டயும் மறைச்சிருக்கான். "சொன்னா ஊருக்கு அனுப்பிருவீங்க"ன்னு பயந்தானாம். நான் ஊருக்குப் பயந்தேன், அவன் எனக்குப் பயந்திருக்கான்.

கடையை அடைக்கல. கையுறை வாங்கியாச்சு, அவன் வந்த பிறகும் போட்டுக்கிட்டுத்தான் வெட்டணும். கழிவை மூடி போட்ட டிரம்முல வைக்கேன். லாரிக்காரன்கிட்ட கூடையைக் கழுவச் சொன்னேன். பெரியவர் சொன்ன மாதிரியே முறைச்சான். இப்போ நானே ஓஸ் வச்சு அடிச்ச பிறகுதான் கூடை உள்ள வரும்.

இன்னைக்கு அந்த அக்கா வந்தாவ. ஈரக் கூடையை நின்னு பாத்தாவ. "ஒரு கிலோ போடு, தோலை எடுத்துரு"ன்னாவ. இன்னைக்கு மொத்தம் 31 கோழி. சாயாக்கடைக்காரர்கிட்ட ஆஃப்பாயிலைப் பத்தி மெதுவாச் சொல்லிப் பாத்தேன். "உனக்கு யாவாரம் இல்லன்னா எனக்கும் இருக்கக் கூடாதா?"ன்னு கேட்டுட்டாரு.