நீச்சலுக்கு அனுப்பினால் படிப்பு கெடுமா?

கேள்வி
மகன் 6-ஆம் வகுப்பு. வாரம் மூன்று நாள் விடிகாலையில் நீச்சல். கண் சிவக்க வருகிறான், பள்ளி வேனில் தூங்கிவிடுகிறான். அந்த நேரத்துக்குக் கணக்கு டியூஷன் வைக்கலாமே என்கிறார் மாமியார். நீச்சலால் படிப்புக்குப் பிரயோஜனம் உண்டா?

பதில் 1
என் மகளுக்கு நன்றாகப் பசிக்கிறது, இரவு 9 மணிக்கே தூக்கம். மதிப்பெண் கூடியதாகத் தெரியவில்லை. ஆனாலும் நிறுத்த மனமில்லை.

பதில் 2
நான் அறிவியல் ஆசிரியர். சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கிணற்றில் நீந்தப் பழகியவன். போன கோடையில் அண்ணன் பிள்ளைகளுக்கு அதே கிணற்றில் கற்றுக்கொடுத்தேன்.

பெரியவள் மல்லாந்து மிதந்தாள். மூச்சை இழுத்துப் பிடித்தால் நெஞ்சு மேலே வருகிறது, விட்டால் தாழ்கிறது. "சித்தப்பா, என் எடை மாறவே இல்லையே, அப்புறம் ஏன்?" என்றாள். எத்தனை வருடம் கரும்பலகையில் மிதப்பு விசை எழுதியிருக்கிறேன், ஒரு பிள்ளைகூட இப்படிக் கேட்டதில்லை. நெஞ்சு விரிந்தால் உடம்பு கூடுதல் தண்ணீரை விலக்கும், அந்த அளவுக்குத் தண்ணீர் மேலே தள்ளும் என்றேன். உடனே மூச்சை விட்டுத் தாழ்ந்து பார்த்துக்கொண்டாள்.

சின்னவன், தண்ணீருக்குள் தெரிந்த படி பக்கத்தில் இருப்பதாக நினைத்துக் காலை வைத்துத் தடுமாறினான். மேலிருந்து பார்த்தால் 4 அடி ஆழம் 3 அடி போலத்தான் தெரியும். ஒளிவிலகலை உயிர் காக்கும் பாடமாகவே சொல்லிக்கொடுங்கள்.

கணக்குக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். 25 மீட்டர் குளத்தில் எத்தனை முறை போனால் ஒரு கிலோமீட்டர்? 32.4 விநாடி, 32.38 விநாடி, எது வேகம்? இதில் நிறையப் பிள்ளைகள் தடுமாறுவார்கள்.

ஒன்று மட்டும். தண்ணீர் தானாகப் பாடம் எடுக்காது, கரையில் நின்று யாராவது கேட்க வேண்டும். தூக்கத்தையும் கெடுக்கக் கூடாது. மாலை வகுப்புக்கு மாற்றுங்கள், நீச்சல் கண்ணாடி வாங்கிக்கொடுங்கள்.

பதில் 3
புவியியலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குற்றாலீஸ்வரன் 1994-இல் 12 வயதில் பாக் நீரிணையை நீந்திக் கடந்ததைச் சொன்னதும், என் பையன் அட்லஸை எடுத்துத் தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் தேடினான்.

கேள்வி கேட்டவர்
எல்லோருக்கும் நன்றி. மாலை வகுப்புக்குச் சொல்லிவிட்டேன். 32.4, 32.38 கேட்டுப் பார்த்தேன். "38-ஐ விட 4 சின்னது, அதனால் 32.4தான் வேகம்" என்றான். சரி, சனிக்கிழமை ஸ்டாப்வாட்ச்சோடு நானும் போகிறேன்.