ரேம் ஸ்லாட்டில் உட்கார்ந்துவிட்டால் போதுமா?

"மாமா, மதர்போர்டு போயிடுச்சு போல" என்று என் அக்கா மகன் கணினியைத் தூக்கிக்கொண்டு பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டி பாயான் லெப்பாஸுக்கு வந்துவிட்டான். ஆன் செய்தால் விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. கடையில் போர்டையே மாற்றச் சொல்லிவிட்டார்களாம்.

புதிதாக என்ன மாட்டினாய் என்று கேட்டேன். இணையத்தில் ஒருவரிடம் 16 ஜிபி டிடிஆர்4 (நான்காம் தலைமுறை) ரேம் இரண்டு மலிவாகக் கிடைத்திருக்கிறது. இவன் போர்டு பி450, அதுவும் டிடிஆர்4தான். ரேமின் அடி விளிம்பிலுள்ள வெட்டு பொருந்தியது, 'கிளிக்' என்று உட்கார்ந்தும்விட்டது.

கழற்றிப் பார்த்தேன். ரேமின் நடுவில் தனியாக ஒரு சில்லு. ஸ்டிக்கரில் 2400டி என்ற எண்ணுக்குப் பின் ஒரு கோடு, அடுத்து 'ஆர்'. ரெஜிஸ்டர்ட், அதாவது செர்வர் ரேம். வீட்டுக் கணினிக்கு அங்கே 'யூ' இருக்க வேண்டும். செர்வரில் ரேம்கள் நிறைய இருப்பதால், பிராசசர் அனுப்பும் கட்டளைகளை அந்த நடுச் சில்லு வாங்கித்தான் மற்றவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கும். இவனுடைய சாதாரண ரைசன் பிராசசருக்கு அந்த ஏற்பாடு தெரியாது. ஆனால் டிடிஆர்4-இல் இரண்டு வகைக்கும் அதே 288 பின் (தொடர்பு முனைகள்), அதே இடத்தில் வெட்டு. அதனால்தான் ஏமாற்றிவிடுகிறது. டிடிஆர்5-இல் செர்வர் ரேமின் வெட்டை இடம் மாற்றிவிட்டார்கள், வீட்டு போர்டில் நுழையவே நுழையாது. புண்ணியவான்கள்!

பழைய ரேமைப் போட்டதும் படம் வந்துவிட்டது. போர்டுக்கு ஒரு கேடும் இல்லை.

கோலாலம்பூர் நண்பர் ஒருவர் கதை வேறு. இன்டெல் 12ஆம் தலைமுறை பிராசசர் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும் என்று படித்துவிட்டு, லோ யாட் கணினிக் கடைத்தொகுதியில் டிடிஆர்4 வாங்கினார். அவர் போர்டோ டிடிஆர்5. பிராசசர் எதை ஏற்றாலும் போர்டில் இருக்கும் ஸ்லாட் எதுவோ அதுதான் கணக்கு. நல்லவேளை, வெட்டு ஒத்துப்போகாததால் அமுக்கிப் பார்க்காமல் நிறுத்திக்கொண்டார். போர்டின் முழு மாடல் எண்ணைக் கொடுத்துத் தயாரிப்பாளர் தளத்தில் மெமரி பட்டியலைப் பார்த்திருந்தால் அலைச்சல் மிச்சம்.

அக்கா மகனுக்குச் சரியான 3200 வேக ரேம் வாங்கிப் போட்டோம். நாலு ஸ்லாட் போர்டு, அதனால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்டினேன். உடனே "மாமா, 2400தான் காட்டுது!" என்றான். போர்டின் அமைப்புத் திரையான பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை ஆன் செய்ததும் சரியாகிவிட்டது.

செர்வர் ரேம் இரண்டையும் ஸியான் என்ற செர்வர் பிராசசர் உள்ள பழைய கணினி வைத்திருக்கும் என் அலுவலக நண்பர் எடுத்துக்கொண்டார். பையனுக்குக் கொஞ்சம் ரிங்கிட் லாபம் வேறு.