பூக்கடை இணையத்தளத்துக்கு ஒயர்பிரேம் போட எந்த டூல்?

தேக்கா மருமகள்:
வணக்கம். சிங்கப்பூர் தேக்காவில், கேம்பல் லேனில் அத்தை பூக்கடை வைத்திருக்கிறார். கல்யாண மாலை, கதம்பம், உதிரிப்பூ எல்லாவற்றுக்கும் ஆர்டர் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. தீபாவளிக்குள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு சின்னத் தளம் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன். மாலையைப் பார்ப்பது, முகூர்த்த நேரம் கொடுப்பது, பேநவ்வில் (போனிலேயே வங்கிப் பணம் அனுப்பும் வசதி) முன்பணம் கட்டுவது, அவ்வளவுதான். தளத்துக்கு நிரல் (கோடு) எழுத நண்பர் இருக்கிறார். அதற்கு முன் ஒயர்பிரேம், அதாவது பக்கத்தில் எது எங்கே வரும் என்று காட்டும் மாதிரி வரைபடம், அத்தைக்கு வரைந்து காட்ட வேண்டும். அதுவும் அவர் போனில் பார்த்தால்தான் கருத்துச் சொல்வார். என்னுடையது விண்டோஸ் லேப்டாப், ஆகவே மேக்கில் மட்டும் ஓடும் ஸ்கெட்ச் ஆகாது. பால்சாமிக், ஃபிக்மா, பென்பாட் மூன்றில் எது?

புங்கோல் டிசைனர்:
தங்கச்சி, முதலில் கலர் இல்லாமல் சாம்பல் கட்டங்களாகவே காட்டுங்கள். கலர் போட்டுவிட்டால் பேச்சு முழுக்க அந்த ரோஜா நிறத்திலேயே நின்றுவிடும். வெறும் கட்டமாக இருந்தால்தான் "மாலையைவிட முகூர்த்த நேரத்தை முதல்ல கேளு" என்று கடைக்காரர் வாயிலிருந்து வரும். 2008-இல் வந்த பால்சாமிக், கையால் கிறுக்கியது போலவே தெரிவது இதற்காகத்தான். ஆனால் அதன் கிறுக்கல் எழுத்துருவில் தமிழ் கிடையாது.

உங்களுக்குத் தமிழ்தான் முக்கியம், அதனால் என் ஓட்டு ஃபிக்மாவுக்கு. பிரவுசரிலேயே ஓடும், இலவசக் கணக்கு போதும். புரோட்டோடைப் (தட்டினால் அடுத்த பக்கம் போகும் மாதிரி) லிங்க்கை அனுப்பினால் அத்தை போனில் தட்டித் தட்டிப் பார்க்கலாம். நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்தா மலர் எழுத்துருவை எடுங்கள். லோரம் இப்சம் என்ற பொருளற்ற மாதிரி வரிகளைப் போட்டு நிரப்பாமல் உண்மையான சொற்களையே போடுங்கள். ஆங்கிலத்தில் 'பே' மூன்றே எழுத்து. தமிழில் "முன்பணம் செலுத்துங்கள்" என்று வந்தால் போன் திரையில் அந்தப் பட்டன் இரண்டு வரியாக உடையும். வரி இடைவெளியையும் பாருங்கள். ஆங்கிலத்துக்கு எழுத்தளவைப் போல் 1.2 மடங்கு போதும். தமிழில் அதையே வைத்தால் மேல் வரியின் 'பூ'வும் கீழ் வரியின் 'கீ'யும் இடித்துக்கொள்ளும். 1.5-க்குக் குறையாமல் வையுங்கள்.

உட்லண்ட்ஸ் கோடர்:
தமிழ் விஷயத்தில் அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் நான் பென்பாட் பக்கம். கூகல் எழுத்துருக்கள் அதிலும் உண்டு. ஓப்பன் சோர்ஸ், அதாவது அதன் நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது, வேண்டுமானால் நம் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். இதே மாதிரி டிசைன் டூலான இன்விஷன் 2024 கடைசியில் மூடப்பட்டது. இன்னொரு டூலான அடோபி எக்ஸ்டிக்குப் புது வசதிகள் சேர்ப்பதை அடோபியே நிறுத்திவிட்டது. ஒரே கம்பெனியை நம்பி வரைந்து வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் நண்பருக்கும் இதுதான் வசதி. இடைவெளி, நிறம், சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் நிரல்) எல்லாம் பென்பாட்டில் காசு கட்டாமல் பார்க்கலாம். ஃபிக்மாவில் இதற்கான டெவ் மோடுக்குப் பணம் கட்ட வேண்டும்.

புங்கோல் டிசைனர்:
நாலைந்து பக்கத் தளத்துக்கு டெவ் மோட் தேவைப்படாது தம்பி. அளவுகளைப் பக்கத்திலேயே எழுதி வைத்தால் போதும். ஆனால் சொந்த சர்வர் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம்தான்.

தேக்கா மருமகள்:
ரொம்ப நன்றி. ஃபிக்மா, பென்பாட் இரண்டிலும் ஆர்டர் பக்கத்தை மட்டும் வரைந்து பார்த்தேன். தமிழ் இரண்டிலும் உடையாமல் வருகிறது. நண்பரோ சிஎஸ்எஸ் பார்க்க முடிந்தால் வேலை பாதி குறையும் என்கிறார், ஆகவே பென்பாட். அத்தை லிங்க்கைத் திறந்ததும் முதலில் கேட்டது: "மாலை எத்தனை முழம்னு கேட்கற இடம் எங்கே?" அந்தக் கட்டத்தை இப்போது மேலே சேர்த்துவிட்டேன். அக்கா, முழமா அடியா என்று தேர்ந்தெடுக்கப் பட்டியல் வைக்கலாமா, இல்லை இரண்டு பட்டனா?

புங்கோல் டிசைனர்:
இரண்டே தேர்வுதானே, பட்டனே போதும். போனில் பட்டியலைத் திறந்து மூடுவது வேண்டாத வேலை.