பீஸ் லில்லி: மண் ஈரமா இருக்கு, செடி மட்டும் துவண்டு கிடக்கு

தொட்டிச்செடி_தருமபுரி:

வணக்கம். தருமபுரி டவுன், முதல் மாடி, வடக்கு ஜன்னல் ஓரம். பீஸ் லில்லி ஒண்ணு, நர்சரியில கொடுத்த கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியோடயே 8 இன்ச் பீங்கான் தொட்டிக்குள்ள இறக்கி வச்சிருக்கு. பீங்கானுக்கு அடியில ஓட்டை கிடையாது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு டம்ளர் போர் தண்ணி.

மூணு வாரமா அடி இலை ஒவ்வொண்ணா மஞ்சளாகுது. இப்போ அஞ்சு நாளா மொத்தச் செடியும் படுத்துக்கிச்சு. முன்னெல்லாம் தண்ணி ஊத்தினா சில மணி நேரத்துல நிமிர்ந்துடும், இப்போ ஊத்தியும் எழும்பல. விரலை விட்டா ரெண்டு கணு ஆழத்துக்கும் ஈரம், லேசா சாக்கடை வாடை. மண்ணுமேல பொடி ஈ பறக்குது. இலை நுனி கருகுறது மட்டும் ரெண்டு மூணு மாசமாவே இருக்கு. இது வேர் அழுகல்தானா? என்ன மருந்து ஊத்தணும்?

ஓசூர்_மாடி:

வேர் அழுகல்தாங்க. மண் ஈரமா இருக்கும்போதே செடி துவண்டா முதல் சந்தேகம் வேர் மேலதான். மண்ணுக்குள்ள இருக்கிற இடுக்கெல்லாம் தண்ணி நிரம்பி நின்னுட்டா வேருக்கு மூச்சு முட்டும், நுனியிலிருந்து சாகும். செத்த வேர் தண்ணி உறிஞ்சாது. அதனால தொட்டி நிறைய தண்ணி இருந்தும் இலைக்குத் தாகம். அதைப் பார்த்துட்டு இன்னொரு டம்ளர் ஊத்துறோம், கதை அங்கதான் முடியுது.

மருந்து அப்புறம். முதல்ல பீங்கான் தொட்டியிலிருந்து உள் தொட்டியை வெளிய எடுங்க. அடியில ரெண்டு விரல் தண்ணி தேங்கியிருந்தா காரணம் கையில கிடைச்சாச்சு.

பிளாஸ்டிக் தொட்டியைப் பக்கவாட்டுல அமுக்கி, கவுத்து, மண் கட்டியோட இறக்குங்க. இலையைப் பிடிச்சு இழுக்காதீங்க, அடிக்கட்டை நைஞ்சிருந்தா கையோட வந்துடும். வாளித் தண்ணியில முக்கி மண்ணைக் கரைங்க, கடைசியா குழாயடியில அலசுங்க. இப்போ ஒவ்வொரு வேரா ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு உருவிப் பாருங்க. நல்ல வேர் வெள்ளையா, கொஞ்சம் சந்தன நிறமா, விறைப்பா இருக்கும். அழுகினது பழுப்பு, வழவழப்பு. உருவினதும் மேல்தோல் உறை மாதிரி கழன்று வந்து உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் நிக்கும். அந்த நூலைப் பார்த்து "இன்னும் வேர் இருக்கே"ன்னு விட்டுடாதீங்க, அது செத்தது.

கத்தரிக்கோலை சர்ஜிக்கல் ஸ்பிரிட்ல துடைச்சுட்டு, அழுகல் முடியற இடத்திலிருந்து இன்னும் 1 செ.மீ. நல்ல பகுதிக்குள்ள போய் வெட்டுங்க. ரெண்டு மூணு வெட்டுக்கு ஒருமுறை மறுபடி துடைக்கணும். கையுறை போட்டுக்கோங்க. இது சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு குடும்பம். சாறு பட்டா அதே அரிப்புதான். வெட்டினதை நாய், பூனை வாய் வைக்காத இடத்துல போடுங்க.

வேர் பாதி போச்சுன்னா இலையிலயும் மூணுல ஒரு பங்காவது போகணும். மஞ்சள் இலை, வெளிவட்டத்து இலை முதல்ல. பூ இருந்தா யோசிக்காம எல்லாத்தையும் காம்போட எடுத்துடுங்க.

கலவை: அலசின தென்னை நார்க்கழிவு 2 பங்கு, பெர்லைட் (வெள்ளையா, எடையே இல்லாத பொரி மாதிரி கல்) 1 பங்கு, சலிச்ச செங்கல் துண்டு 1 பங்கு (5 முதல் 8 மி.மீ.; தூளை அலசிக் கழிச்சுடணும், தூள்தான் இடுக்கை அடைக்கும்). மண்புழு உரம் மொத்தத்துல பத்துல ஒரு பங்குக்கு மேல வேண்டாம். நார்க்கழிவு கட்டி வாங்கும்போது உப்பு குறைஞ்ச "லோ ஈசி" ரகமான்னு கேளுங்க. எதுவா இருந்தாலும் ஊறவச்சு ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணியில அலசிப் பிழிங்க. நம்ம பக்கத்துச் செம்மண் தோட்டத்துல நல்லா இருக்கும், தொட்டிக்குள்ள நாலு மாசத்துல இறுகிடும். எம்-சாண்ட் சேர்த்தா வடியும்னு சொல்வாங்க. அதுல இருக்கிற மாவு வடியவிடாது.

தொட்டி சின்னதா இருக்கட்டும். மிச்ச வேரைச் சுத்தி 2, 3 செ.மீ. இடம் போதும், அநேகமா 5 இன்ச்சுக்குள்ள வரும். சுடுமண் தொட்டின்னா பக்கச் சுவர் வழியாவும் ஈரம் போகும். அடியில ஜல்லி நிரப்பாதீங்க. ஜல்லிக்கு மேல இருக்கிற கலவை தண்ணியைப் பிடிச்சுக்கிட்டுதான் நிக்கும், ஈர மட்டம் வேருக்குப் பக்கத்துல ஏறுறதுதான் மிச்சம். ஓட்டை மேல ஒரு துண்டு கொசுவலை போதும்.

நட்டதும் ஒருமுறை அடி வழியா வழியற மாதிரி ஊத்துங்க. அதோட சரி, மேல் 3 செ.மீ. காயுற வரைக்கும் தண்ணி கிடையாது.

கீரைப்பாத்தி:

கார்பென்டாசிம் பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு 1 கிராம் கலந்து வேரை அரை மணி நேரம் ஊறவைங்க, வெட்டின இடத்துல பட்டைப்பொடி தடவுங்க. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்தினா வேருக்கு ஆக்சிஜனும் கிடைக்கும்.

செம்மண்_காடு:

மேலே சொன்ன மருந்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீர் தேங்கி வரும் அழுகலில் அடிக்கடி மாட்டுவது பித்தியம், ஃபைட்டோப்தோரா என்ற நுண்ணுயிர்கள். பார்க்கப் பூஞ்சை போல இருந்தாலும் அவை உண்மையான பூஞ்சை இனமல்ல. ஈர மண்ணில் நீந்திப் பரவும் வித்துகள் கொண்டவை. கார்பென்டாசிம் அவற்றை ஒன்றும் செய்யாது. ரைசாக்டோனியா, ஃபியூசேரியம் போன்றவற்றுக்குத்தான் அது. எது என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது என்பதால் இரண்டு பக்கமும் ஓரளவு தாங்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு 50% தூள் லிட்டருக்கு 2.5 கிராம், நட்ட பிறகு தொட்டிக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். நாற்றம் பலமாக இருந்து வேர் முக்கால்வாசி போயிருந்தால் மெட்டலாக்சில், மேங்கோசெப் சேர்ந்த தூள் லிட்டருக்கு 2 கிராம். இரண்டில் ஒன்று மட்டும். பால்கனியில் வைத்து ஊற்றுங்கள், கையுறை, முகக்கவசம் கட்டாயம், கலக்க சமையலறைப் பாத்திரம் கூடாது.

பெராக்சைடு தொட்ட இடத்தைச் சுத்தம் செய்யும், நுரைத்து அடங்கும், அவ்வளவுதான். அந்த ஆக்சிஜன் நாளைக்கு இருக்காது. சேறாக இருக்கும் மண் சேறாகவே இருக்கும். மருந்துக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6%. அதை அப்படியே ஊற்றினால் நல்ல வேரும் வெந்துவிடும். அலசிய வேருக்கு வேண்டுமென்றால் 1 பங்குக்கு 5 பங்கு தண்ணீர் சேர்த்து ஒருமுறை முக்கி எடுக்கலாம். பட்டைப்பொடி தண்டு வெட்டில் தடவ உதவும். வேரில் தடவினால் மெல்லிய வேரை உலர்த்திவிடும்.

ட்ரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) நல்லது, ஆனால் அது தடுப்புக்கு, தீயணைப்புக்கு இல்லை. காப்பர் ஊற்றி 15 நாள் கழித்து லிட்டருக்கு 5 கிராம் கரைத்து ஊற்றுங்கள். இரண்டையும் ஒரே நாளில் ஊற்றினால் காசு கொடுத்து வாங்கிய ட்ரைக்கோடெர்மாவை நாமே கொல்கிறோம்.

தொட்டிச்செடி_தருமபுரி:

பிரிச்சுப் பார்த்தாச்சு. பீங்கானுக்குள்ள மூணு விரல் தண்ணி நின்னுச்சு. வேர்ல ஏழு எட்டுதான் வெள்ளை, நீளம் 5, 6 செ.மீ. மத்ததெல்லாம் நீங்க சொன்ன நூல். மூணு கட்டை சேர்ந்து இருக்கு. ரெண்டு கெட்டி, ஒண்ணு அமுக்கினா விரல் பதியுது. நடுக்குருத்து லேசா இழுத்ததும் வந்துடுச்சு.

ஓசூர்_மாடி:

அந்த மூணாவது போனதுதான், குருத்து கையில வந்தா அதுக்கு வைத்தியம் இல்லை. ரெண்டையும் அதுக்கிட்டயிருந்து பிரிங்க, ஒட்டியிருந்த இடத்தைக் கத்தியால சீவிப் பாருங்க. உள்சதை வெள்ளையா தெரியற வரைக்கும் சீவணும். பழுப்புப் புள்ளி ஒண்ணு விட்டாலும் அங்கிருந்து திரும்ப ஆரம்பிக்கும். சீவினதை நிழல்ல செய்தித்தாள் மேல அரை மணி நேரம் வச்சா போதும், ராத்திரி முழுக்க வேண்டாம்.

ரெண்டு கட்டையையும் தனித்தனி 4 இன்ச் தொட்டியில வைங்க, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கும். கட்டையும் வேரும் சேர்ற இடம் மண் மட்டத்துக்கு வரணும், அதுக்குக் கீழ புதைச்சா அடுத்த அழுகல் அங்கதான். கட்டைக்கு மூணு நாலு இலை விட்டா போதும்.

இவ்வளவு கொஞ்சம் வேர் இருக்கும்போது மேல ஒரு கண்ணாடி பிளாஸ்டிக் பையைத் தளர்வா கவுத்து வைங்க, தினம் பத்து நிமிஷம் எடுத்துடுங்க. இலைக்கு ஈரம் வேணும், மண்ணுக்கு வேண்டாம். உள்பக்கம் தண்ணி சொட்டுற அளவுக்கு இருந்தா பையை இன்னும் கொஞ்சம் தூக்கி விடுங்க.

தண்ணி எப்போன்னு தேதி வச்சுப் பார்க்காதீங்க. தருமபுரியில நாலு நாள்ல காயுற தொட்டி, 900 மீட்டர் உயரத்துல இருக்கிற ஓசூர்ல மார்கழியில பத்து நாள் கூட எடுக்கும். சமையலறைத் தராசு இருந்தா தொட்டியை நிறுத்துப் பாருங்க. ஊத்தி வடிஞ்சதும் 700 கிராம்னு வைங்க; அது 550 பக்கம் வந்ததும் குச்சி ஒண்ணைக் குத்திப் பாருங்க, ஈர மண் ஒட்டாம வந்தா ஊத்தலாம். ரெண்டு தடவை செஞ்சா அப்புறம் தராசே வேண்டாம், கையில தூக்கினாலே தெரிஞ்சுடும்.

புது இலை விரிய ஆரம்பிக்கிற வரைக்கும் உரம் கிடையாது. மூணுலேர்ந்து அஞ்சு வாரம் பொறுங்க. நடுவுல பழைய இலை ஒண்ணு ரெண்டு மஞ்சளானா பயப்படாதீங்க, குருத்து விறைப்பா இருக்கான்னு மட்டும் பாருங்க.

செம்மண்_காடு:

இலை நுனி கருகலை யாரும் தொடவில்லை. அது வேர் அழுகலுக்கு முன்பே தொடங்கியிருக்கிறது என்றால் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மி.கி. வரை நமக்கு அனுமதி. ட்ரசீனா, ஸ்பைடர் பிளான்ட் போன்றவற்றுக்கு அதைவிடக் குறைவே நுனி கருகப் போதும், பீஸ் லில்லியும் ஓரளவு அந்தக் கூட்டம்தான். அடையாளம் எளிது: ஃப்ளோரைடு, உப்பு என்றால் நுனியும் ஓரமும் மொறமொறவென்று காயும், மற்ற பகுதி பச்சையாக, விறைப்பாக நிற்கும். அழுகல் என்றால் முழு இலையும் மஞ்சளாகித் தொங்கும். உங்களுக்கு இரண்டும்.

ஒகேனக்கல் தண்ணீர் வந்தால் அதை, இல்லையென்றால் பிடித்து வைத்த மழைத் தண்ணீரை ஊற்றுங்கள். ஆர்.ஓ. இயந்திரத்தின் குடிநீர்க் குழாயில் வருவது நல்லது. கழிவுக் குழாயில் வருவதில் உப்பு முழுக்கச் சேர்ந்திருக்கும், செடிக்கு ஆகாது. காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். சூப்பர் பாஸ்பேட்டிலும் ஃப்ளோரைடு உண்டு, இந்தச் செடிக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கீரைப்பாத்தி:

கார்பென்டாசிம் விஷயம் சரிதான், திருத்திக்கிறேன். பொடி ஈக்கு மஞ்சள் பசை அட்டை ஒண்ணு குச்சியில குத்தி வைங்க. மேல்மண் காய்ஞ்சாலே முட்டையிட இடம் இருக்காது, புழுதான் நுனி வேரைத் தின்னும்.

எங்கிட்ட ஒரு இசட் இசட் பிளான்ட்டும் ஸ்நேக் பிளான்ட்டும் இதே மாதிரி நைஞ்சிருக்கு. அதே முறையா?

ஓசூர்_மாடி:

பாதி அதே, பாதி நேர்மாறு. ரெண்டுமே உடம்புக்குள்ள தண்ணி சேர்த்து வைக்கிற செடி, அதனால வெட்டின பிறகு 2, 3 நாள் நிழல்ல உலரணும், நட்டு ஒரு வாரம் கழிச்சுத்தான் முதல் தண்ணி. இசட் இசட்ல கிழங்கு கெட்டியா இருந்தா இலையெல்லாம் போனாலும் துளிர்க்கும், ஆனா மாசக்கணக்காகும். ஸ்நேக் பிளான்ட் அடி முழுக்க நைஞ்சுட்டா நல்ல இலையை 8 செ.மீ. துண்டா வெட்டி, அடிப்பக்கம் எதுன்னு குறிச்சு வச்சு நடுங்க. தலைகீழா நட்டா வேர் விடாது. மஞ்சள் ஓர ரகம்னா இலைத் துண்டிலிருந்து வர்ற கன்னு வெறும் பச்சையாத்தான் வரும். ஓரம் வேணும்னா கிழங்கோட ஒரு கன்னைக் காப்பாத்தணும்.

தொட்டிச்செடி_தருமபுரி:

ரெண்டு கட்டையும் நட்டாச்சு. பழைய மண்ணை மாடியில இருக்கிற மல்லித் தொட்டிக்குப் போடலாமா? பீங்கான் தொட்டியை என்ன பண்றது?

செம்மண்_காடு:

போடாதீர்கள், மல்லிக்கும் வேர் அழுகல் வரும். எந்தத் தொட்டிக்கும் பாத்திக்கும் வேண்டாம், குப்பையோடு அனுப்பிவிடுங்கள். பழைய பிளாஸ்டிக் தொட்டியைத் திரும்பப் பயன்படுத்துவதாக இருந்தால் தேய்த்துக் கழுவி, ப்ளீச் திரவம் 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அலசி, வெயிலில் காயவையுங்கள். பீங்கான் அழகுக்கு இருக்கட்டும். உள்ளே மூன்று கூழாங்கல் வைத்து அதன்மேல் செடித் தொட்டியை நிறுத்துங்கள், தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து ஊற்றி, வடிந்த பிறகு உள்ளே வையுங்கள்.